அறை உறுதி என்று எழுதுவது யார்?

திருவண்ணாமலையில் லாட்ஜ், ஹோம்ஸ்டே, டிராவல்ஸ் நடத்தும் அனைவருக்கும்,

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் நம் ஊரில் அறை கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோவையிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அறை கேட்பவர் உங்கள் விடுதியை நேரில் பார்த்தவர் அல்ல. மாட வீதிக்கு எவ்வளவு தூரம், வெந்நீர் வருமா, லிஃப்ட் உண்டா என்று நாலு கேள்வி கேட்பார். நாலு படம் பார்ப்பார். பிறகு, ‘உங்கள் அறை உறுதி செய்யப்பட்டது, அட்வான்ஸ் இந்தக் கணக்குக்கு’ என்று வரும் மெயிலை நம்பிப் பணம் போடுவார். மார்கழியிலிருந்து மாசி வரை ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலைப் பக்கம் தங்க வரும் வெளிநாட்டவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய படிவத்தை நீங்கள் அரசுத் தளத்தில் ஏற்றியாக வேண்டும் என்பதால், பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே மெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். பணமும் அடையாள ஆவணமும் ஒரு மெயிலை நம்பி நகரும்போது, அந்த மெயில் உங்களுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும். உங்கள் விடுதிக்கென்று சொந்த டொமைன் வையுங்கள், அதிலிருந்தே வியாபார மெயில் அனுப்புங்கள், அந்த டொமைனை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று வகையிலும் சரிபார்த்து வையுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

மெயிலில் ‘அனுப்புநர்’ என்று தெரியும் பெயருக்கு எந்தக் காவலும் கிடையாது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. இன்றைக்கும் மெயில் போய்வருவது 1982இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த எஸ்எம்டிபி விதிகளின் வழியில்தான். அந்தக் காலத்து வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருவரை ஒருவர் ஏமாற்றுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் அனுப்புநர் இடத்தில் எதை எழுதினாலும் சர்வர் அப்படியே வாங்கிக்கொண்டது. உங்கள் விடுதியின் பெயரையும் டொமைனையும் போட்டு, உங்கள் கடவுச்சொல்லைத் தொடாமலே, எங்கிருந்தோ ஒருவர் மெயில் அனுப்ப முடிந்ததற்குக் காரணம் இதுதான். கதவை விரியத் திறந்து வைத்த பிறகு பூட்டு தேடிய கதையாக, 2006இல் எஸ்பிஎஃப் விதி வந்தது, 2007இல் டிகிம், 2012இல் டிமார்க். முப்பது வருடத் தாமதம். ஆனாலும் இன்றைக்கு ஜிமெயிலும் யாகூவும் அவுட்லுக்கும் இந்த மூன்றையும் வைத்துத்தான் மெயிலை எடை போடுகின்றன.

மூன்றும் வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். டொமைன் ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், பத்திரத்தில் பதிவை மாற்ற உரிமையாளர் மட்டுமே சார்பதிவாளர் முன் போய் நிற்க முடியும் அல்லவா, அந்த ஏற்பாடுதான் இங்கேயும். மெயில் சேவை தரும் நிறுவனம் உங்களிடம் ஒரு நீளமான குறியீட்டைக் கொடுத்து, ‘இதை உங்கள் பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள்’ என்கிறது. எழுத முடிந்தால் டொமைன் உங்களுடையது. சரிபார்த்தல் என்பதன் முதல் படி இவ்வளவுதான். அடுத்து எஸ்பிஎஃப்: என் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்கு அனுமதி என்று ஒரே வரி. டிகிம் கொஞ்சம் நுட்பமானது. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அதைச் சோதிக்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ் பக்கத்தில் இருக்கிறது. வழியில் கணக்கு எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தை யாராவது மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. இந்த இரண்டும் தனித்தனியே போதாமல் போனதற்கும் காரணம் உண்டு. எஸ்பிஎஃப் சோதிப்பது மெயிலின் உள்ளே மறைந்திருக்கும் திரும்பு முகவரியை. வாடிக்கையாளர் கண்ணில் படும் பெயரை அல்ல. கண்ணில் படும் பெயரும் சோதனையில் தேறிய பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சர்வருக்குச் சொல்வதும், உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்பினார்கள் என்று உங்களுக்கு அறிக்கை அனுப்பச் சொல்வதும் அதன் வேலைதான்.

‘எங்களுக்கு ஜிமெயில் இருக்கிறது, பத்து வருடமாக ஓடுகிறது, இலவசம்’ என்பது நீங்கள் சொல்லப்போகும் முதல் பதில். நியாயமான பதில்தான். ஜிமெயிலுக்குள் போய் நீங்கள் நேரடியாக அனுப்பும் மெயில் மூன்று சோதனையிலும் தேறிவிடும். அதில் தொழில்நுட்பக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சோதனை நிரூபிப்பது என்ன? மெயில் ஜிமெயிலிலிருந்து வந்தது என்பதை மட்டும். உங்கள் விடுதியிலிருந்து வந்தது என்பதை அல்ல. உங்கள் விடுதிப் பெயருக்குப் பின்னால் ‘டிவிஎம்’ என்று சேர்த்து நீங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் ‘1’ என்றோ ‘ரூம்ஸ்’ என்றோ சேர்த்து இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் ஒன்று தொடங்கலாம். அவருடைய மெயிலும் அதே மூன்று சோதனையில் அதே போலத் தேறும். உங்கள் இரண்டு பேரில் யார் உண்மையான விடுதிக்காரர் என்று ஐதராபாத்தில் இருப்பவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? சொந்த டொமைன் இருந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உங்கள் பெயர்ப்பலகையிலும் ரசீதிலும் கூகுள் மேப்பிலும் வலைத்தளத்திலும் ஒரே டொமைன், மெயிலும் அதிலிருந்தே.

ஜிமெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு, இது அனுபவத்தில் பலர் கண்டிருப்பது. அறை புக்கிங் சாஃப்ட்வேர் வாங்கியிருப்பீர்கள். அதில் ‘அனுப்புநர் மெயில்’ என்ற கட்டத்தில் விடுதியின் ஜிமெயில் முகவரியைப் போட்டிருப்பீர்கள். மெயிலை அனுப்புவதோ அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்வர். பெறும் பக்கத்துச் சர்வர் பார்க்கிறது: பெயர் ஜிமெயில், வந்த இடம் ஜிமெயில் இல்லை. போலி என்று முடிவு கட்டுகிறது. யாகூ 2014 ஏப்ரலிலேயே தன் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயிலைத் திருப்பியனுப்பச் சொல்லிவிட்டது. தன் பெயரைப் போட்டு வெளியிலிருந்து அனுப்பினால் மெயில் போய்ச் சேர்வது தடைபடலாம் என்று கூகுளும் எச்சரித்திருக்கிறது. ‘கன்ஃபர்மேஷன் வரவில்லையே’ என்று வாடிக்கையாளர் போன் செய்வதும், ‘ஸ்பேமில் பாருங்கள் சார்’ என்று ரிசப்ஷனில் இருக்கும் பையன் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சேர்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவருக்குத்தானே அந்த விதி என்று கேட்கலாம். மூன்றும் கட்டாயம் என்பது அவர்களுக்குத்தான். ஆனால் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதை ஜிமெயிலுக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புபவரிடமும் கூகுள் கேட்கிறது. தேறாத மெயிலில் அனுப்புநர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி தெரியும். பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் போடப்போகிறவர் அந்தக் கேள்விக்குறியைப் பார்க்க வேண்டுமா?

‘இப்போதெல்லாம் எல்லாமே வாட்ஸ்அப்தான், மீதி ஆன்லைன் புக்கிங் நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன’ என்பது அடுத்தது. உள்ளூர் ஆட்களுக்கு வாட்ஸ்அப் போதும், மறுக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் எண் ஒரு சிம்முக்குச் சொந்தம். அந்த சிம் பெரும்பாலும் மேலாளர் பெயரில். அவர் வேலையை விட்டுப் போனால் எண்ணும் போகும், பழைய புக்கிங் பேச்சுகளும் போகும். மாதக்கணக்கில் தங்க வரும் வெளிநாட்டவரும், ஐம்பது பேரைக் கூட்டி வரும் யோகா குழுக்காரரும், பில்லைக் கணக்கில் காட்ட வேண்டிய நிறுவனங்களும் இன்னமும் மெயிலில்தான் எழுதுகிறார்கள். புக்கிங் நிறுவனங்கள் கமிஷன் எடுப்பது உங்களுக்குத் தெரியும். வந்து தங்கியவரின் உண்மையான மெயில் முகவரியைக் கூட அவற்றில் சில உங்களுக்குக் காட்டுவதில்லை, நடுவில் ஒரு மாற்று முகவரியைத்தான் தருகின்றன. ஒருமுறை வந்தவர் அடுத்த தீபத்துக்கு உங்களையே நேரடியாகக் கேட்க வேண்டுமென்றால், அவர் கையில் உங்கள் சொந்த முகவரி இருக்க வேண்டும்.

‘நம் ஊரில் அப்படி மோசடி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே’ என்று சிலர் சொல்வார்கள். கேதார்நாத்திலும் சோமநாத்திலும் இருப்பவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர் புக்கிங், சார்தாம் யாத்திரை விருந்தினர் இல்லங்கள், சோமநாதர் கோயில் அறக்கட்டளைப் பெயரில் அறைகள், டாக்ஸி என்று பக்தர்களையே குறிவைத்துப் போலித் தளங்களும் விளம்பரங்களும் உலவுவதை அது பட்டியலிட்டது. அந்தப் பட்டியலை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். கூட்டம் ஒரே நாளில் லட்சக்கணக்கில் குவியும் ஊர், அறைக்கு அலையும் வெளியூர்க்காரர், முன்பணம்: மோசடிக்காரருக்கு வேண்டிய மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. அந்த எச்சரிக்கை பேசியது வலைத்தளங்களையும் விளம்பரங்களையும் பற்றித்தானே, மெயிலைப் பற்றி இல்லையே என்றால், உண்மை. ஆனால் ஏமாறக்கூடியவர் பணம் போடுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான ஒரு முகவரி வேண்டும். ரிசர்வ் வங்கி இந்தக் காரணத்தால்தான் 2025 பிப்ரவரியில், இந்திய வங்கிகள் எல்லாம் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் டொமைனுக்கு மாற வேண்டும் என்று அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. உண்மையானது எது என்று மக்களுக்கு அடையாளம் தெரிந்தால் போலியைத் தள்ளுவது சுலபம் என்பதே கணக்கு. விடுதிகளுக்கு ரிசர்வ் வங்கி போல உத்தரவு போட யாரும் இல்லை. நாமே செய்துகொண்டால்தான் உண்டு.

இதைச் செய்துவிட்டால் எல்லா மோசடியும் ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். டிமார்க் காப்பாற்றுவது உங்கள் டொமைனை, அதே எழுத்தில், அதே வரிசையில். உங்களுடையது ‘டாட் இன்’ என்றால் இன்னொருவர் ‘டாட் காம்’ வாங்கி அதையும் முறையாகச் சரிபார்த்து மெயில் அனுப்பலாம். ஆனால் அதற்குச் செலவு உண்டு, பதிவு உண்டு, தடயம் உண்டு. ‘டாட் இன்’ பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி நிறுவனத்தின் தகராறு தீர்க்கும் முறையும் இருக்கிறது. ஜிமெயிலில் ‘1’ சேர்த்தவரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? உங்கள் கடவுச்சொல்லே களவு போனாலும் இந்த மூன்றும் கைகொடுக்காது; திருடன் அனுப்பும் மெயிலிலும் உங்கள் கையொப்பம் அச்சு மாறாமல் இருக்கும். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை ஒன்று, புக்கிங் டாட் காம் எழுதுவது போல விடுதி ஊழியர்களுக்கே மெயில் அனுப்பி அவர்கள் கணினியில் தீநிரலை இறக்கிய கும்பலைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு தனியே வேண்டும், ரிசப்ஷன் கணினியில் கண்ட இணைப்பையும் அழுத்தக் கூடாது. ஒரு பூட்டு எல்லாக் கதவையும் அடைக்காது என்பதற்காக வாசல் கதவைத் திறந்து போட்டுவிட மாட்டோம்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். ‘டாட் இன்’ டொமைனுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய். சாதாரண அறை ஒன்றின் ஓர் இரவு வாடகைக்குள் அடங்கும். சிறு நிறுவனங்களுக்கான மெயில் சேவையும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. தமிழிலேயே ‘டாட் இந்தியா’ என்று டொமைன் வைக்க ஆசைப்படுவோரை மெச்சுகிறேன், வலைத்தளத்துக்கு வையுங்கள். மெயிலுக்கு வேண்டாம், அந்த முகவரியை வாங்கிக்கொள்ளாத சர்வர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

பணத்தை விடப் பெரிய விஷயம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. வலைத்தளம் செய்து கொடுத்த டிசைனரின் கணக்கிலேயே டொமைனும் இருப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அவர் நல்லவராகவே இருக்கட்டும்; ஊர் மாறிப் போனாலும் போன் எண் மாற்றினாலும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரி திருத்த நீங்கள் அவரைத் தேடி அலைய வேண்டும். டொமைன் விற்ற நிறுவனத்தின் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் மீட்பு மெயிலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். புதுப்பிக்க மறந்து டொமைன் நின்றுபோனால், நினைவூட்டல் மெயிலும் அதோடு நின்றுபோகும். சிறியவர்கள் மட்டும் மறப்பதில்லை: 1999 டிசம்பரில் ஹாட்மெயிலின் நுழைவாயிலாக இருந்த ‘பாஸ்போர்ட் டாட் காம்’ டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட, வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டி மீட்டுக் கொடுத்தார். லீசுக்கு விட்ட விடுதிகளில் இன்னொரு வில்லங்கமும் வரும். லீஸ் எடுத்தவர் தன் பெயரில் டொமைன் வாங்கி ஐந்து வருடம் நடத்திவிட்டுப் போனால், பழைய வாடிக்கையாளர்கள் எழுதும் மெயில் அவரிடமே போய்க்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் கட்டில், மெத்தை, ஏசியோடு டொமைனையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள். பெயர் கையில் இருந்தால் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசு சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவுக்கு மாற்றியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தபோது, ‘கௌவ் டாட் இன்’ முகவரிகள் அப்படியே இருந்தன. எழுதுபவர்கள் முகவரியை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

செய்யும்போது தடுக்கி விழும் இடங்கள் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். புக்கிங் சாஃப்ட்வேருக்கு ஒன்று, மெயில் சேவைக்கு ஒன்று என்று இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இரண்டு சேவையையும் சேர்க்க வேண்டும். டிகிம் சாவியைச் சேர்க்கும்போது பெயர்க் கட்டத்தில் முழு டொமைனையும் ஒட்டினால், பல நிறுவனங்களின் பக்கம் தானாக அதையே இன்னொரு தடவை சேர்த்துவிடும். பதிவு இருப்பது போலத் தெரியும். சரிபார்ப்பு மட்டும் நடக்காது. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரியை நகலெடுத்து ஒட்டினால் நேர் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், அதுவும் கெடுக்கும். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம், பத்து நிமிடத்தில் ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முடிந்ததும் உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ என்று வர வேண்டும்.

டிமார்க்கை எடுத்தவுடன் கடுமையாக வைக்க வேண்டாம். ஆடியில் தொடங்குங்கள், ‘நன்’ என்ற நிலையில். எந்த மெயிலும் தடுக்கப்படாது, அறிக்கை மட்டும் வரும். அந்த அறிக்கையில் நீங்கள் மறந்தே போன ஒரு பில்லிங் சாஃப்ட்வேரோ, பழைய ஹோஸ்டிங் சர்வரோ உங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருப்பது தெரியவரும். அவற்றை எஸ்பிஎஃப் வரியிலோ டிகிமிலோ சேர்த்துவிட்டு, ஆவணியில் ‘குவாரண்டைன்’ நிலைக்குப் போங்கள். தேறாதவை ஸ்பேமுக்குப் போகும். புரட்டாசி முழுக்க அறிக்கையைப் பார்த்து, உங்கள் சொந்த மெயில் எதுவும் சிக்கவில்லை என்றால் ஐப்பசியில் ‘ரிஜெக்ட்’. கார்த்திகைக் கூட்டம் வரும்போது உங்கள் டொமைனைப் போட்டு வரும் போலி மெயிலை இதைச் சோதிக்கும் சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். அதன் பிறகு புக்கிங் சாஃப்ட்வேரை மாற்றினால், புதிய சர்வரை எஸ்பிஎஃப் வரியில் சேர்த்து, டிகிம் சாவியை ஏற்றி, ஒரு சோதனை மெயில் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். ‘ரிஜெக்ட்’ போட்ட டொமைனில் அனுமதி இல்லாத உங்கள் சொந்த மெயிலும் திரும்பித்தான் வரும்.